வெள்ளரிக்காய்க் குதிரைக்கு நாலு கால்

மோர்மிளகாய் தீர்ந்துபோன ஒரு மதியம், ஜப்பானிலிருந்து சிநேகிதி வாங்கிவந்த சிவப்புத் தகர டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தின் மேல் தூவினேன். ஷிச்சிமி தோகராஷி என்று பெயர். ஏழு சரக்கு சேர்ந்த மிளகாய்ப் பொடி. நாகானோ நகரத்தில் ஜென்கோஜி கோயிலை ஒட்டி 1736-இலிருந்து வியாபாரம் செய்துவரும் யவதாயா இசோகோரோ கடையின் சரக்கு. காரம் உடனே வரவில்லை. முதலில் ஆரஞ்சுத் தோலின் வாசனை, அப்புறம் எள், அப்புறம் சான்ஷோ என்ற அவர்கள் ஊர் மிளகு நாக்கில் ஏற்படுத்தும் குறுகுறுப்பு. எல்லாம் அடங்கியபின் கடைவாயில் ஓர் உருண்டை சிக்கி 'டக்'கென்று உடைந்தது. கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சின்னது. சாம்பல் நிற ஓட்டுக்குள் முந்திரியை நினைவூட்டும் ஒரு கொழுப்பு. இதென்ன என்று சிநேகிதியை ஃபோனில் கேட்டேன். "அதுவா? கஞ்சா விதை" என்றாள், சீரகம் என்பதுபோல.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தை தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார். பயப்பட ஒன்றுமில்லை. போதை இருப்பது பெண்பூவின் பிசினில், விதைக்குள் இல்லை. பூங்கொத்து ஒட்டாத விதையை நம் நாட்டுப் போதைப்பொருள் சட்டமே கஞ்சா என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் அதன் எண்ணெயையும் உணவாக ஏற்றது. உத்தராகண்டின் குமாவுன் வீடுகளில் இதை வறுத்துச் சட்னி அரைக்கிறார்கள். இவ்வளவு சொல்லியும் அத்தை அசையவில்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா? தமிழில் இந்தச் செடிக்குப் புழக்கத்தில் இருப்பது ஒரே பேர். அதைச் சொன்னதுமே பின்னால் போலீஸ் ஜீப் வந்து நிற்கிறது. கோரக்கர் மூலி என்ற சித்த வைத்தியப் பேர் யாருக்கும் நினைவில்லை. சணல் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நம்முடைய சாக்குச் சணல் வேறு செடி, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுகிற சணப்பு இன்னொரு செடி.

ஜப்பானியரின் சிக்கல் இதைவிட வேடிக்கை. அவர்கள் சொல் 'தைமா'. தைமா வைத்திருந்ததாக நடிகர் கைது என்று செய்தித்தாளில் வரும். ஈசே பெருங்கோயிலிலிருந்து ஆண்டுதோறும் வீடுகளுக்கு வரும் காப்புச் சீட்டின் பேரும் 'ஜிங்கூ தைமா'. எழுத்துகூட அதே இரண்டு எழுத்துதான். செய்தியில் கைவிலங்கு மாட்டிக்கொண்டு நிற்கிற சொல், வீட்டு மாடத்தில் கும்பிடு வாங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கும்பிடு நாருக்கு. டோக்கியோவுக்கு வடக்கே தொச்சிகி மாகாணத்தில் கனுமா என்ற ஊர்ப்பக்கம்தான் ஜப்பானின் சணல்நாரில் பெரும்பங்கு விளைகிறது. (நார் என்ற அளவில் சணல் என்றே சொல்லிவிடுகிறேன், அத்தைக்காக.) பனி விலகியதும் நெருக்கமாக விதைக்கிறார்கள். நெருக்கத்தில் கிளைக்க இடமில்லாமல் செடி மேலே போகிறது; மூன்றே மாதத்தில் ஆளை மறைக்கும் உயரம். 'சணலுக்கு நடுவே முளைத்த களையும் நிமிர்ந்து வளரும்' என்று அங்கே பழமொழி உண்டு. பூவோடு சேர்ந்து நார் மணக்கும் என்பது நம் கணக்கு. அங்கே நார்ச்செடியோடு சேர்ந்து களை நிமிர்கிறது.

ஜூலை வெயிலில் வேரோடு பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கொதிநீரில் முக்கி எடுத்துக் காயவைக்கிறார்கள். பிறகு மறுபடி நனைத்து, மூடிப்போட்டுப் புளிக்கவிட வேண்டும். கைத்திறன் எல்லாம் இங்கேதான். ஒரு பொழுது முந்தினால் பட்டை உரியாது, ஒரு பொழுது பிந்தினால் நார் செத்துப்போகும். நேரத்தைச் சொல்வது கடிகாரமில்லை. உள்ளே கைவிட்டுப் பார்க்கும் விரல்தான். பதம் வந்ததும் பட்டையை உரித்து, பலகையில் வைத்து மேல்தோலை வழித்தெடுத்தால் கடைசியில் மிஞ்சுவது விரலகல நாடா. தாளைவிட மெல்லியது, வைக்கோல் பொன்னிறம், வெளிச்சத்தில் பிடித்தால் பட்டுபோல மின்னும். 'செய்மா' என்கிறார்கள். சாக்குத் துணியை மனதில் வைத்துக்கொண்டு சணல் என்று கேட்கிற நமக்கு அதை நம்பவே கொஞ்ச நேரம் ஆகும்.

இத்தனை அழகாகத் தீட்டிய நாரை அப்புறம் கண்ணில் படாத இடத்தில் ஒளித்துவைக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். சுமோ மல்லர்களில் உச்சப் பட்டம் யோகோசுனா. சொல்லின் பொருளே 'குறுக்குக் கயிறு'. அரங்கில் நுழையும் சடங்கின்போது இடுப்பில் கட்டிவரும் பருத்த வெள்ளை வடத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதெல்லாம் மேலே சுற்றிய பருத்தித் துணி. உள்ளே செப்புக் கம்பியும் சணல்நாரும். டோக்கியோவில் நடக்கும் மூன்று போட்டிகளுக்கு முன்பும், ஆக ஆண்டுக்கு மூன்று தடவை, வடம் புதிதாகத் திரிக்கப்படுகிறது.

அந்த வேலையின் காணொளியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. நாரைத் தவிடு போட்டுப் பிசைகிறார்கள். மாவு பிசைவதுபோல, மலைமலையான ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து. தவிட்டின் எண்ணெய் ஏறி நார் குழைகிறது. பிறகு மூன்று புரிகளை ஒன்றோடொன்று முறுக்கேற்ற வேண்டும். சிவப்பு வெள்ளைத் தலைப்பட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று கூவி, தேர்வடம் பிடிக்கிற முகங்களோடு ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள். முறுக்கு விழும் கணத்தில் வடம் ஓர் உயிரைப்போல நெளிகிறது. பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் அதைக் கட்டிக்கொண்டு மல்லர் காலை உயர்த்தித் தரையில் மிதிக்கும்போது வடம் ஆடுவதில்லை. இழுத்தால் நீளாத நார் அது.

நீளாமை என்ற அதே குணத்தைக் காதால் கேட்கவும் முடியும். 'நோ' என்ற ஜப்பானிய நாடகத்தில் தோளில் வைத்து அடிக்கும் 'கோட்சுசுமி' நம் உடுக்கையின் தூரத்துச் சொந்தம்போல இருக்கும்: இடை சிறுத்த மரக்குடம், இரு பக்கமும் தோல், தோல்களை இணைக்கும் செம்மஞ்சள் கயிறுகள். குடம் செர்ரி மரம், தோல் குதிரைத்தோல், கயிறு சணல். வலக்கை அடிக்கிறது, இடக்கை கயிற்றைப் பிடித்திருக்கிறது. அடித்த கையோடு இடக்கை கயிற்றை இறுக்கினால் நாதம் 'பொன்' என்று மேலே வளைந்து எழும். தளர்த்தினால் அடங்கும். பாதி வாசிப்பு அடிக்கிற கையில் இல்லை, பிடிக்கிற கையில். கயிறு ரப்பர்போல இழுபட்டால் இறுக்கிய விரலின் சேதி தோலுக்குப் போய்ச் சேருமா? உடுக்கைக்காரரின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாசிப்பவர் நடுநடுவே தோலில் வாயால் ஊதி ஈரமேற்றுவார். பின்தோலில் எச்சில் தொட்டு ஒரு துண்டுத் தாளை ஒட்டிச் சுதி பார்ப்பார். அத்தனையும் மேடையிலேயே, யாரும் பார்க்காததுபோல.

வில்வித்தைக்காரர்களும் இதே கட்சி. பிசின் காய்ச்சிப் பூசிய சணல் நாணில் அம்பு விடும்போது எழும் ஒலிக்கு 'ட்சுருனே' என்று தனிப்பேரே வைத்திருக்கிறார்கள். செயற்கை இழை நாண் சீக்கிரம் அறுபடுவதில்லை. ஆனால் அந்த ஒலி அதில் வராது என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். 'கேதா' என்ற மரச்செருப்பின் பட்டு வாருக்குள்ளும் பழைய வழக்கத்தில் சணல் திரிதான். பச்சைச் சாயமேற்றிச் சிவப்பு விளிம்பு தைத்த ஓமிப் பகுதிச் சணல் கொசுவலைக்குப் பழைய எடோ காலத்தில் பெரிய பேர். இடி இடித்தால் அதற்குள் போய்ப் பதுங்கிக்கொள்வார்களாம்.

குழந்தைகளின் முதல் சட்டையில் சணலே இருக்காது, சணலின் படம் இருக்கும். 'அசானோஹா', சணலிலைக் கோலம். ஊடுபுள்ளி வைத்து ஆறு முனை நட்சத்திரங்களை ஒட்ட ஒட்டப் போட்டால் வருகிற அதே கட்டம். குழந்தை அந்தச் செடிபோல மளமளவென்று நேராக வளரட்டும் என்று. 'டீமன் ஸ்லேயர்' பார்க்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் நெசுகோவின் இளஞ்சிவப்பு கிமோனோவைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரொட்டியாகச் சென்னைக் குழந்தைகளின் அறைகளில்கூட அந்த இலை ஏறிவிட்டது. அத்தைக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

1948-இல், அமெரிக்க ஆக்கிரமிப்பின்போது வந்த சட்டம் உரிமம் இல்லாமல் இந்தச் செடியை வளர்க்கத் தடை போட்டது. நைலான் மீதியைப் பார்த்துக்கொண்டது. 1950-களில் முப்பதாயிரத்துக்கு மேல் இருந்த விவசாயிகள் இன்று சில பத்துப் பேர். 1980-களில் வந்த 'தொச்சிகிஷிரோ' என்ற போதையில்லாத ரகத்தைத்தான் கனுமாவில் வளர்க்கிறார்கள். சின்னக் கோயில்கள் பலவற்றில் மணிக்கயிறு நைலானாகிவிட்டது. மழைக்குத் தாங்கும், மலிவு, எல்லாம் சரி. கையில் பிடித்தால் வழுக்குகிறது.

நாரை உரித்தபின் மிஞ்சும் தட்டைக்கு 'ஓகாரா' என்று பேர். உள்ளே வெற்றுக்குழல், வெண்ணிறம், பஞ்சுக் கனம். நம்மூரில் அடுப்பெரிக்கப் போயிருக்கும். அங்கேயும் எரிக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் எரிப்பதில் எத்தனை நுணுக்கம்! தட்டையைக் கரியாக்கி இடித்த பொடி நுண்துளைகள் நிறைந்தது, சட்டென்று தீப்பிடிக்கும்; வாணவேடிக்கைக் குண்டுக்குள் மருந்தோடு அதைச் சேர்க்கிறார்கள். கோடை இரவில் வானத்தில் பூ விரியக் கனுமாத் தட்டையும் ஒரு காரணம். அதே கரிப்பொடியைக் குழலில் அடைத்து, சின்ன உலோகப் பெட்டிக்குள் பற்றவைத்தால் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 'கைரோ' என்ற அதைக் குளிர்காலத்தில் இடுப்புத்துணிக்குள் செருகிக்கொள்வது தாத்தா பாட்டிகளின் பழக்கம். கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிற நெருப்பும் ராத்திரி முழுக்கத் தீராத சூடும் ஒரே தட்டையிலிருந்து.

கரியாகாத தட்டை ஓபோன் பண்டிகைக்குப் போகிறது. பல ஊர்களில் ஆகஸ்ட் நடுவில், சில ஊர்களில் ஜூலையில், இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிப்போகும் நாட்கள். கடைகளில் ஓகாராவைக் கட்டாக விற்பார்கள். வாசலில் அதைக் கொளுத்தி வழி காட்டுவார்கள். முன்னோர் ஏறிவர ஒரு வெள்ளரிக்காய்க் குதிரை, திரும்பிப் போக ஒரு கத்தரிக்காய் மாடு. இரண்டுக்கும் கால் ஓகாராத் துண்டு. வருகிறவர் குதிரையில் விரைந்து வர வேண்டும். போகிறவர் மாட்டின் மேல் மெல்லத்தான் போக வேண்டும்.

ஈர்க்குச்சியை ஒடித்து நானும் செய்து பார்த்தேன். குதிரை எப்படியோ நின்றது. கத்தரிக்காய் மாடு முன்னங்கால் மடங்கிச் சாய்ந்துவிட்டது. ஈர்க்கு மெலிசு, காய் கனம். சுண்டுவிரல் பருமனுக்கு ஓகாரா இருந்திருந்தால் அகலமாகக் காலூன்றி நின்றிருக்கும். அத்தை எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முருங்கைக் குச்சி நாலை ஒடித்துக்கொண்டுவந்து கொடுத்தார்.