செம்பாறைகளுக்கிடையே சிறு படகுகள்

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களில், கொலராடோ ஆற்றைக் கிளென் கேன்யன் அணை மறித்ததால் 1963 முதல் தேங்கத் தொடங்கி 1980இல் முழுதும் நிரம்பிய பவல் ஏரி, செம்மணற்பாறைச் சுவர்களுக்கிடையே வளைந்து குறுகும் கிளைப் பள்ளத்தாக்குகளாகப் பிரிந்து கிடப்பதால், அதன் உள்ளழகு சிறு படகினருக்கே முழுமையாக வாய்க்கிறது. பாறையில் தெரியும் வெண்பட்டை, முன்பு நீர் நின்ற உயரத்தைக் காட்டும் சுண்ணப் படிவாகும்.

இச்சிறு படகினர் பலர் சேர்ந்து செல்லும் கூட்டுப் பயணத்தில் மிகவும் போற்றத்தக்கது மாலைநேரப் படகுப் பிணைப்பு: ஒரு படகு நங்கூரமிட்டு நிலைகொண்டபின், மற்றவை ஒவ்வொன்றாக அதன் பக்கவாட்டில் மெல்ல அணைய, அவை உரசாதிருக்கக் காற்றடைத்த உருளைகளை இடையே தொங்கவிட்டு, கயிறுகளால் ஒன்றோடொன்று பிணைக்கின்றனர். கயிற்றை எறியும் கையும் அதைப் பற்றும் கையும் சொல்லின்றி ஒத்தியங்கும் அந்த நேர்த்தி எந்தக் கைவினைக்கும் குறைந்ததன்று. காற்று வலுத்தால் ஒரே நங்கூரம் அத்தனை படகுகளின் இழுவையைத் தாங்காது என்பதால், கட்டவிழ்த்துத் தனித்தனியே நங்கூரமிடுவதே முறை.