தெளிவற்ற தருக்கத்தின் வெற்றி: சார்லஸ் எல்கனின் மாநாட்டுக் கட்டுரை – ஒரு மதிப்பீடு

1993ஆம் ஆண்டு ஜூலையில் வாஷிங்டன் நகரில் நடைபெற்ற செயற்கை நுண்ணறிவுக்கான அமெரிக்கத் தேசிய மாநாட்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த சார்லஸ் எல்கனின் கட்டுரையொன்று இடம்பெற்றது. தெளிவற்ற தருக்கத்தின் முரண்பாடான வெற்றி என்பது அதன் பொருள். இத்தருக்கத்தைக் கொண்டு அமைந்த கருவிகள் நன்கு இயங்குகின்றன என்பதை எல்கன் மறுக்கவில்லை. அதற்குக் காரணம் இத்தருக்கமே என்னும் உரிமைகோரலைத்தான் மறுத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஐ.இ.இ.இ. எக்ஸ்பர்ட் இதழ், கட்டுரையின் திருத்திய வடிவத்தை லோட்ஃபி ஸாதே, எப்ராஹிம் மம்தானி முதலியோரின் மறுமொழிகளோடு வெளியிட்டது. அன்றுமுதல் இக்கட்டுரை அதிலுள்ள தேற்றத்தின் பெயராலேயே பெரிதும் பேசப்படுகிறது. அதன் வலிமையோ வேறிடத்தில் உள்ளது.

ஸாதே 1965இல் முன்வைத்த கணக் கோட்பாட்டில், ஒரு பொருள் ஒரு கணத்தில் 0 முதல் 1 வரையிலான ஏதேனும் ஓர் அளவில் உறுப்பாகலாம். இதன்வழி எழுந்த தருக்கத்தில், ‘அ, ஆ இரண்டும்’ என்பதற்கு இரண்டில் சிறிய மதிப்பும், ‘அ அல்லது ஆ’ என்பதற்குப் பெரிய மதிப்பும், ‘அ அன்று’ என்பதற்கு அ-வின் மதிப்பை 1இலிருந்து கழித்த மீதியும் தரப்படும். எல்கன் இம்மூன்றோடு நான்காவது விதியொன்றைச் சேர்க்கிறார்: இருமதிப்புத் தருக்கத்தில் சமமான கூற்றுகள் இங்கும் சமமான மதிப்பையே பெறவேண்டும். நான்கையும் ஏற்றுக்கொண்டால், எந்த இரு கூற்றுகளை எடுத்தாலும் ஒன்றின் மதிப்பு மற்றதன் மதிப்பாகவோ, அதை 1இலிருந்து கழித்த மீதியாகவோ அமைந்தே தீரும். அவ்வாறாயின் 0 முதல் 1 வரை விரிந்த படிநிலைகள் அனைத்தும் இரண்டே மதிப்புகளாகச் சுருங்கிவிடும்.

நிறுவலில் பிழை இல்லை. சிக்கல் நான்காம் விதியில் உள்ளது. எல்கன் எடுத்துக்கொள்ளும் கூற்றுகள் இரண்டு: ‘அ இருந்து ஆ இல்லாதிருத்தல் இல்லை’, ‘ஆ உண்டு, அல்லது அ, ஆ இரண்டுமே இல்லை’. அ-வுக்கு 0.3, ஆ-வுக்கு 0.6 என மதிப்பளித்தால் முதற்கூற்று 0.7 பெறுகிறது, இரண்டாவது 0.6 பெறுகிறது. இருமதிப்புத் தருக்கத்தில் இவற்றைச் சமமெனக் காட்டுவதற்கு, ‘ஆ, அல்லது ஆ அன்று’ என்பது எப்போதும் உண்மை என்னும் நடுவிலக்கு விதி தேவைப்படுகிறது. தெளிவற்ற தருக்கமோ அவ்விதியைத் தொடக்கத்திலேயே கைவிட்டது. ஆ-வின் மதிப்பு 0.5 ஆனால், ‘ஆ, அல்லது ஆ அன்று’ என்பதன் மதிப்பும் 0.5தான். வாசலில் விலக்கப்பட்ட விதியைக் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்துவந்தபின் வீடு இடிகிறது என்று காட்டுவது, வீட்டின் குறையை நிறுவுவதாகாது.

கட்டுரையின் தர்பூசணி எடுத்துக்காட்டு இதனினும் நுட்பமானது. உள்ளே சிவப்பும் வெளியே பச்சையும் உடைய பழம் தர்பூசணி எனக் கொள்வோம். ஒரு பழம் உள்ளே சிவப்பு என்பதற்கு அரைகுறைச் சான்றும், வெளியே பச்சை என்பதற்கு வலுவான சான்றும் உள்ளன. சிறிய மதிப்பை எடுக்கும் விதியின்படி, அது தர்பூசணி என்பதற்கும் அரைகுறை மதிப்பே கிடைக்கும். உண்மையில் இரு சான்றுகளும் ஒன்றையொன்று வலுப்படுத்த வேண்டும் என்பது எல்கனின் வாதம். இதற்குத் துபுவா, பிராத், ஸ்மெட்ஸ் மூவரும் அளித்த மறுமொழி, பகுதி உண்மையும் உறுதியின்மையும் வேறு என்பதாகும். தமிழில் இவ்வேறுபாட்டை விளக்கப் பெருமுயற்சி தேவையில்லை. ‘பழம் ஓரளவு சிவந்திருக்கிறது’ என்பது வெட்டிப் பார்த்தவர் சொல்வது. ‘ஒருவேளை சிவந்திருக்கலாம்’ என்பது வெட்டாத பழத்தைத் தட்டிப் பார்ப்பவர் சொல்வது. முன்னதில் அறியாமை இல்லை, சிவப்புதான் வெளிறியிருக்கிறது. எல்கனின் எடுத்துக்காட்டு ‘ஒருவேளை’யைப் பற்றியது, ஸாதேயின் கணங்கள் ‘ஓரளவை’ப் பற்றியவை.

இங்கே கலைச்சொல்லையும் நோக்கவேண்டும். ‘தெளிவற்ற தருக்கம்’ என்னும் வழக்கு வெட்டாத பழத்தையே நினைவூட்டுகிறது. தருக்கமே தெளிவற்றது என்னும் மயக்கத்துக்கும் அது இடந்தருகிறது. ‘படிநிலைத் தருக்கம்’ என்றிருந்தால் இரு குழப்பங்களும் நேரா.

ஆயினும் மறுமொழியாளர் பக்கம் முழு வெற்றி சேர்ந்துவிடவில்லை. கட்டுரையின் பிற்பகுதி, நடைமுறையில் வெற்றிபெற்ற கட்டுப்பாட்டுக் கருவிகளை ஆராய்கிறது. அவற்றின் விதிகள் 100க்கும் குறைவு. உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்கு ஒரே தாவலில் செல்பவை. ஒரு விதியின் முடிவு மற்றொரு விதிக்கு முதலாகித் தொடர்வது அரிது. எண்களோ கருவி ஒழுங்காக இயங்கும்வரை கையால் திருத்தி அமைக்கப்பட்டவை. இத்தகைய அமைப்பில் தருக்கம் தன் குறையைக் காட்டுவதற்கு வாய்ப்பே நேர்வதில்லை. தேற்றம் வீழ்ந்தாலும் இவ்வாதம் வீழாது. இரண்டையும் ஒரே கட்டுரையில் பிணைத்ததே எல்கன் தமக்குச் செய்துகொண்ட தீங்கு எனலாம். எளிதில் தாக்கத்தக்க முற்பகுதி, தாக்குதற்கரிய பிற்பகுதியை மறைத்துவிட்டது.

பிற்பகுதிக்கு வலுச்சேர்க்கும் சான்று எதிர்த்தரப்பின் மாநாட்டிலேயே கிடைக்கிறது. 1992இல் தெளிவற்ற முறைமைகளுக்கான முதல் ஐ.இ.இ.இ. பன்னாட்டு மாநாடு, எல்கனின் ஊராகிய சான் டியேகோவிலேயே நடைபெற்றது. லி-சின் வாங், பார்ட் காஸ்கோ இருவரும் அங்கே, போதிய விதிகள் இருப்பின் தெளிவற்ற முறைமை எந்தத் தொடர்ச்சியான சார்பையும் விரும்பிய துல்லியத்தில் தோராயப்படுத்தும் எனத் தனித்தனியே காட்டினர். இது துறையின் பெருமையாகவே எடுத்துரைக்கப்படுகிறது. வாங்கின் நிறுவல் ஸ்டோன்–வயர்ஸ்ட்ராஸ் தேற்றத்தின் மேல் நிற்கிறது. அத்தேற்றம் பல்லுறுப்புக் கோவைகளுக்கும் அதே ஆற்றலை வழங்குகிறது. எனில், கருவி வெற்றிபெறுவது சார்பைத் தோராயப்படுத்துவதால். தருக்கமாக இருப்பதால் அன்று. ‘போதிய விதிகள்’ என்னும் நிபந்தனை, சில விதிகளே எவ்வாறு போதுமாயின என்பதையும் விளக்கவில்லை. விதிகளை ‘வேகம் அதிகம்’, ‘தொலைவு குறைவு’ என மனிதர் மொழியில் எழுதமுடிகிறது என்பதே இங்கு எஞ்சும் தனிச்சிறப்பு. அது சிறிய நன்மை அன்று. ஆனால் அது எழுதும் வசதி பற்றியது, அனுமானத்தின் செம்மை பற்றியது அன்று.

1987 ஜூலையில் ஜப்பானின் சென்டாய் நகரில் திறக்கப்பட்ட நிலத்தடி ரயில், வெற்றிக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. ஹிட்டாச்சி நிறுவனத்தின் யசுனோபு, மியாமோட்டோ வகுத்த அதன் முறை, ஒவ்வொரு கட்டளையும் என்ன விளைவைத் தரும் என்பதை ரயிலின் இயக்க மாதிரியைக் கொண்டு முன்கூட்டியே கணிக்கிறது. அவ்விளைவு பயணிகளின் வசதிக்கும் நிறுத்தத் துல்லியத்துக்கும் எவ்வளவு ஏற்றது என்பதைத் தெளிவற்ற விதிகள் மதிப்பிடுகின்றன. ரயில் குலுங்காமல் நிற்பதில் மாதிரியின் பங்கு எவ்வளவு, விதிகளின் பங்கு எவ்வளவு? அதே மாதிரியை வைத்துக்கொண்டு, படிநிலை எல்லைகளுக்குப் பதிலாகக் கூரிய எல்லைகளை இட்டு ஓட்டிப் பார்த்தாலன்றி இவ்வினாவுக்கு விடையில்லை. எல்கனுக்குத் தரவேண்டிய மறுமொழி அந்த ஒப்பீடுதான்.