மடி என்னும் இருக்கை

விமானம் ஓடுதளத்தை நோக்கி நகரும்போது வாசிக்கப்படும் பாதுகாப்பு அறிவிப்பை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. பாதிப் பேர் கைபேசியில் இருப்பார்கள், மீதிப் பேர் ஜன்னலில். ஆனால் அதிலுள்ள ஒரு வாக்கியம் மட்டும் விமானத்தைவிட்டு இறங்கி நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. 'முதலில் உங்கள் முகமூடியை அணிந்துகொள்ளுங்கள், பிறகு உடனிருக்கும் குழந்தைக்கு உதவுங்கள்.' தாய்மார்களுக்கான அறிவுரைக் கூட்டங்களிலும் வாழ்க்கை வழிகாட்டி நூல்களிலும் இது இன்று ஒரு பழமொழிபோல் புழங்குகிறது. 'உன்னைக் கவனித்துக்கொண்டால்தான் பிள்ளையைக் கவனிக்க முடியும்' என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறார்கள்.

ஒரு வயது பத்து மாத மகளோடு குடும்பச் சுற்றுலாவுக்கு விமானமேறிய பிறகு, அந்த வாக்கியத்தையும் அதைச் சுற்றியுள்ள மற்றப் பிரதிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பயணச்சீட்டு ஒரு பிரதி. இருக்கைப் பையில் செருகியிருக்கும் பாதுகாப்பு அட்டை இன்னொன்று. நாம் இலக்கியம் என்று கொண்டாடும் பயண நூல்களும் இந்த வரிசையில் வருபவைதாம்.

முதலில் அறிவிப்புக்கு அதற்குரிய நியாயத்தைச் செய்துவிடலாம். 35,000 அடி உயரத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் சட்டென்று குறைந்தால், ஒருவர் தெளிவாகச் செயல்படக் கிடைப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான். குழந்தையின் முகமூடியோடு போராடும் தாய் அதற்குள் மயங்கிவிட்டால் இரண்டு உயிரும் ஆபத்தில். ஆகவே அந்த வாக்கியம் உடலியல் கணக்கு. அதில் ஒழுக்க போதனை ஏதுமில்லை. போதனையாக மாற்றியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள்: விமானத்தில் முகமூடியைத் தாய் தேடிப்போவதில்லை. யாரோ வடிவமைத்து, யாரோ பொருத்தி, விதி போட்டுத் தலைக்கு மேல் வைத்திருக்கிறார்கள். வீட்டில் 'முதலில் உன்னைக் கவனி' என்று சொல்பவர்கள் அப்படி எதையும் மாட்டி வைப்பதில்லை. அதோடு, அவள் மூச்சுவிடுவதற்கான காரணமும் குழந்தைக்கு உதவுவதாகவே இருக்கிறது. தனக்காக மூச்சுவிடும் பெண் அந்தப் போதனையில் இல்லை.

இந்த முகமூடிகளின் எண்ணிக்கையில் ஒரு சுவையான விவரம் உண்டு. அமெரிக்க விதிப்படி, பயணிகள் விமானத்தில் முகமூடிகள் இருக்கைகளைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். பல விமானங்களில் மூன்று இருக்கை வரிசைக்கு மேலே நான்கு முகமூடிகள் இருக்கும். மடியில் ஒரு குழந்தை இருக்கலாம் என்பது விமானத்தைக் கட்டுபவர்களுக்குத் தெரியும். மூச்சுக்கு அந்தக் குழந்தையைக் கணக்கில் எடுத்த அதே ஏற்பாடு, இருக்கைக்கு எடுப்பதில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை வாங்க வேண்டியதில்லை. பயணச்சீட்டில் பெரியவர் ஒருவரின் பெயரோடு அதன் பெயர் இணைக்கப்படும். எங்கள் சீட்டில் அது என் பெயரோடு இணைந்திருந்தது. யாரோடு இணைப்பது என்று வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

நாங்கள் ஐந்து பேர், நான்கு இருக்கைகள். சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து சிம்லா. எனக்கு நடு இருக்கை. விமானப் பணிப்பெண் ஒரு சிறிய பட்டையைத் தந்து, என் இருக்கைப் பட்டையில் கோத்துக் குழந்தையின் இடுப்பில் மாட்டச் சொன்னார். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். உணவுத் தட்டை விரிக்க முடியாது. பக்கத்தில் காபி இருந்தால் பயம். கழிப்பறைக்குப் போவது ஒரு திட்டமிடல். இறங்கும்போது காது அடைத்துக் குழந்தை வீறிடும், விழுங்கிக்கொண்டே இருந்தால் வலி குறையும் என்பதால், இறக்கம் தொடங்கும் நேரத்தைக் கணித்துப் பாலூட்ட வேண்டும். நடுவில் என் கணவர், "எங்கிட்ட குடு" என்று வாங்கிக்கொண்டார். நடைபாதையில் நான்கு நடை நடந்திருப்பார். எதிர் வரிசையில் இருந்த அம்மாள் முகமலர்ந்து என் மாமியாரிடம், "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எவ்வளவு பொறுப்பா இருக்காங்க பாருங்க" என்றார். சிறிது நேரத்தில் குழந்தை சிணுங்கியதும், "அதுக்கு அம்மாதான் வேணும், நீயே வெச்சுக்கோம்மா" என்று அதே அம்மாள்தான் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரும் எத்தனையோ பேருந்துகளிலும் ரயில்களிலும் யாரையாவது மடியில் வைத்துக்கொண்டு போனவராகத்தான் இருப்பார். என் கணவரும் பெட்டிகளைச் சுமந்தார், வண்டிகளைப் பேசினார், அறைகளைப் பதிவு செய்தார். ஆனால் பெட்டியை ஓரிடத்தில் வைத்துவிட்டு நிமிரலாம். மடியை வைத்துவிட்டு எழ முடியாது. வேலைகளைப் பட்டியல் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொண்டோம் என்று நம்பும் குடும்பங்கள்கூட மடியைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்ன?

தமிழில் இந்தச் சொல்லையே பாருங்கள். மடி என்றால் தாயின் தொடைமேல் குழந்தை அமரும் இடம். பசுவின் பால்மடி. காசு முடிந்துகொள்ளும் சேலை மடிப்பு. தீட்டுப்படாத ஆசாரம். வினையாக வந்தால் சாவு. மடி என்றால் சோம்பலும்தான். திருக்குறளின் 61ஆம் அதிகாரத்துக்கு 'மடியின்மை' என்று பெயர். குழந்தையைத் தாங்கும் இடத்துக்கும் சோம்பலுக்கும் ஒரே சொல் அமைந்தது மொழியின் தற்செயலாக இருக்கலாம். ஆனால் 'சும்மா உட்கார்ந்துதானே வந்தாய்' என்று பயணம் முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும் பெண்ணிடம் கேட்கும்போது, இரண்டு பொருளும் ஒன்றின்மேல் ஒன்று வந்து படிகின்றன.

மடி உண்மையில் என்ன தாங்கும்? புதிய விமானங்களின் இருக்கைகளை 16 ஜி விசைக்குச் சோதிக்கிறார்கள். அதாவது, மோதலின்போது எடை ஒரு கணம் 16 மடங்காகப் பெருகினாலும் இருக்கை பெயரக்கூடாது. என் மகளின் எடை அப்போது 11 கிலோ. 16 மடங்கு என்றால் 176 கிலோ. எந்தத் தாயின் கையாலும் பிடிக்க முடியாத எடை.

1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானம் கட்டுப்பாட்டை இழந்து, சூ சிட்டியில் விழுந்து நொறுங்கியது. அதில் நான்கு குழந்தைகள் இருக்கை இல்லாமல் பயணம் செய்தன. பெரியவர்களைப் பட்டை மாட்டிக் குனிந்துகொள்ளச் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன், அன்றைய கையேட்டின்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொன்னார். நான்கில் ஒன்று, இரண்டு வயது நிறையாத குழந்தை, இறந்துபோனது. எரியும் விமானத்துக்குள் பிள்ளையைத் தேடித் திரும்ப ஓடிய தாயைத் தடுத்து நிறுத்தியவரும் ஜேன் பிரவுன்தான். அதன் பிறகு பல ஆண்டுகள், குழந்தைக்கும் தனி இருக்கை கட்டாயமாக வேண்டும் என்று அவர் போராடினார். கையேட்டை எழுதியவர்கள் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதை வாசித்துக் காட்டிய பெண்ணும், கேட்டு நடந்த பெண்ணும்தான் நேருக்கு நேர் நிற்க வேண்டியிருந்தது.

அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் 2005இல், தனி இருக்கையைக் கட்டாயமாக்குவதில்லை என்று முடிவு செய்தது. அதன் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கூடுதல் சீட்டு வாங்க முடியாத குடும்பங்கள் காரில் போகும், சாலையில் விபத்துகள் அதிகம், ஆகவே மொத்தத்தில் அதிகக் குழந்தைகள் இறக்கும் என்றது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். அந்தக் கணக்கில் அசையாமல் நிற்கும் ஒன்று இருக்கிறது: இருக்கையின் விலை. அதை யார் குறைப்பது, யார் ஏற்பது என்ற கேள்வி எழவே இல்லை. விலை மழை வெயில்போல இயற்கையாகிவிட்டது. தாயின் கை மட்டும் நீட்டினால் நீளும், இறுக்கினால் இறுகும் என்று நம்பப்படுகிறது. குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் மடி அல்ல, அதற்கென அமைந்த இருக்கைதான் என்று அதே நிர்வாகம்தான் பெற்றோருக்கு அறிவுறுத்தியும் வருகிறது. அறிவுரை இலவசம், இருக்கை விலைக்கு.

மடி எப்போதும் இலவசமாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரக் குடும்பங்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறியபோது, வாரக்கணக்கான கடற்பயணத்தில் குழந்தைகளைத் தூக்கிச் சுமக்க ஆயாக்களைக் கூலிக்கு அழைத்துப் போயின. கரை சேர்ந்ததும், திரும்பிப் போகக் கப்பல் கட்டணம்கூட இல்லாமல் பலர் கைவிடப்பட்டார்கள். அவர்களுக்காகவே லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று நடந்தது. ஹேக்னியில் அது இருந்த கட்டடத்தில் 2022இல்தான் நினைவுப் பலகை வைத்தார்கள். பயணம் முடிந்ததும் மடிக்கு மதிப்பு முடிந்தது. இன்று வேலைக்காரப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு சுற்றுலா போகும் வசதியுள்ள குடும்பங்களில், அவளுக்கு எந்த இருக்கை, எந்த அறை, எப்போது சாப்பாடு என்று பார்த்தால் அந்தப் பழைய கப்பல் இன்னும் கரை சேரவில்லை என்பது தெரியும்.

வானத்திலும் இதே ஏற்பாடுதான். 1930இல் எலன் சர்ச் உலகின் முதல் விமானப் பணிப்பெண் ஆனார். அவர் ஒரு செவிலியர். அவரோடு சேர்க்கப்பட்ட மற்ற ஏழு பேரும் செவிலியர்களே. பராமரிக்கத் தெரிந்த பெண், ஆனால் மணமாகாதவள் என்பதே தகுதி. இந்தியாவில் ஏர் இந்தியாவின் விதிப்படி, பணிப்பெண் முதல் முறை கருவுற்றதும் வேலையைவிட்டு விலக வேண்டியிருந்தது. நர்கேஷ் மிர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல் அதை ரத்து செய்தது. பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்யக்கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பிறர் குழந்தைக்கு விமானத்தில் பால் சுடவைத்துக் கொடுக்கலாம், சொந்தக் குழந்தை இருந்தால் அங்கே இடமில்லை. தாய்மையின் இரண்டு பாதிகளையும் இரண்டு பெண்களாகப் பிரித்து, ஒருத்தியை இருக்கையிலும் ஒருத்தியை நடைபாதையிலும் வைத்தார்கள்.

இனி நம் பயண இலக்கியம். அ.க. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940இல் வெளிவந்தது. காந்தி ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்து படச்சுருள்களைத் திரட்டிய மனிதரின் உழைப்பை நான் மதிக்கிறேன். தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி!' எனக்குப் பிடித்த நூல்களில் ஒன்று. இவற்றைப் படித்து வளர்ந்ததால், பயணி என்றால் இரண்டு கையும் வீசி நடப்பவர் என்ற படம் என் மனத்திலும் பதிந்திருந்தது. அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார், அந்நியரோடு பேச்சுக் கொடுப்பார், ஆற்றங்கரையில் நினைத்த நேரம் உட்காருவார். அந்தப் பார்வைக்குத் தேவையான முதல் பொருள் காலி மடி. வீட்டில் யாரோ ஒருத்தியின் மடி நிறைந்திருந்ததால்தான் அது காலியாக இருக்க முடிந்தது. பயண நூல் அந்த ஒருத்திக்கு நன்றி சொல்லலாம், அவளை எழுத்துக்குள் அழைத்துப் போனதில்லை.

அம்பை 'பயணம்' என்ற தலைப்பிலேயே சிறுகதைகளை வரிசையாக எழுதியது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் கைக்குழந்தையோடு போகிறவளின் பயணம், தன்னளவில் ஓர் அறிவாக, நம்மிடம் இன்னும் எழுதப்படவில்லை. அவள் சிம்லாவில் மலையைப் பார்ப்பதற்கு முன் படிகளின் உயரத்தைப் பார்க்கிறாள். ஊருக்கு ஊர் தண்ணீர் கொதிக்கிறதா, வெந்நீர் கேட்டால் தருகிறார்களா, உட்கார்ந்து பாலூட்ட ஒரு சுவர் மறைவு இருக்கிறதா, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள், எங்கே முன்பின் தெரியாத கிழவி கைநீட்டிக் குழந்தையை வாங்கிக்கொள்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு நகரம் மனிதர்களை எப்படி நடத்துகிறது என்று அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அது 'குறிப்புகள்' என்ற பெயரில் என்ன எடுத்துப்போக வேண்டும் என்ற பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. ஆண் எழுதினால் பயண இலக்கியம், தாய் எழுதினால் பயனுள்ள தகவல்.

விமானம் சிலருக்குத்தான், ரயிலும் பேருந்தும்தான் நம்மில் பலருக்கு. அங்கும் கதை இதுவே. ரயிலில் 5 வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம், படுக்கையும் இல்லை. இரவெல்லாம் குறுகிய படுக்கையின் விளிம்பில் ஒருக்களித்துக் கிடப்பவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. 2022 மே மாதம் லக்னோ மெயிலில், கீழ்ப் படுக்கையோடு மடக்கிப் பொருத்திய சிறு குழந்தைப் படுக்கை ஒன்றைச் சோதனையாக வைத்தார்கள். ஒரு பலகையும் ஒரு பட்டையும்தான். பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. மடி என்பது தீர்ந்துபோகும் உடல் என்று ஒருவர் ஒத்துக்கொண்டது மட்டுமே தேவைப்பட்டது.

எனவே நம் கோரிக்கைகள் எளியவை. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு எட்டும் விலையில் இருக்கை. குழந்தையின் பெயரை எந்தப் பெரியவரோடு இணைப்பது என்று வீட்டில் வாய்திறந்து ஒரு பேச்சு. போகும்போது ஒருவர் மடி என்றால் வரும்போது இன்னொருவர் மடி. வாசகர்களாக நம்மால் செய்ய முடிந்தது ஒன்றும் உண்டு. பயண நூல் ஒன்றைக் கையிலெடுக்கும்போது, அதை எழுதியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தை யார் மடியில் இருந்தது என்று கேட்டுக்கொண்டே படிக்கலாம்.