கரையில் தொடங்கும் அரசியல்

கடற்கரை ஊர்களைப் பற்றிய நாவல்களுக்குத் தமிழ் வாசகர்களிடம் எப்போதுமே ஒரு தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு எதற்காக என்று விசாரித்துப் பார்த்தால் சற்று ஏமாற்றமாக இருக்கிறது. அலைகளின் வருணனை அபாரம் என்பார்கள். காதல் உருக்குகிறது என்பார்கள். அந்தப் பேச்சு வழக்கில்தான் எத்தனை இனிமை என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஊரில் மீனுக்கு விலை வைப்பவன் யார், வழக்குத் தீர்ப்பவன் யார், யாரைக் கண்டதும் யார் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்டுகிறார்கள் என்று கேட்டால், நாவலை இரண்டு தடவை படித்தவர்கள்கூடக் கொஞ்சம் விழிக்கிறார்கள். கதையின் உயிரே பல சமயங்களில் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

இதைச் சொல்ல எனக்கு என்ன அருகதை என்று சிலர் கேட்கலாம். நான் இருப்பது வீரசோழனில். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மற்ற ஊர்களைப்போல இதுவும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மிளகாய், பருத்தி. அதுவும் பொய்த்துப்போனால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். தெற்கே கமுதி, சாயல்குடி என்று போனால் கடல் வந்துவிடும். ஆனாலும் எங்கள் ஜனங்களில் பெரும்பாலோருக்குக் கடல் என்றால் சந்தைக்கு வருகிற கருவாடுதான். "நம்ம ஊர்ச் சண்டையே தீரவில்லை, மீன்காரர் சண்டை நமக்கு எதற்கு ஐயா?" என்று ஒரு வாசக நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அரசியல் என்பது கண்மாய்தான். மடையை எப்போது திறப்பது, முதல் தண்ணீர் யார் வயலுக்குப் பாய்வது, நீர் வற்றியதும் மீன் ஏலம் யாருக்கு விழுவது, கண்மாய்க்குள் வளர்ந்த கருவேலை யார் பெயரில் ஏலம் எடுப்பது — ஊரில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பது இவற்றில் தெரிந்துவிடும். தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது. இது வருஷந்தோறும் வருகிறது. தேர்தலில் யார் நிற்பது என்பதையும் முக்கால்வாசி இதுவே தீர்மானித்துவிடுகிறது.

கடலில் மடை கிடையாது. எல்லைக் கல்லும் கிடையாது. ஆகவே அங்கே எல்லாரும் சமம் என்று நம்மைப்போன்ற உள்நாட்டார் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பிடித்த மீன் ஒவ்வொன்றும் கரைக்கு வந்தாக வேண்டுமே! மணலில் கொட்டிய உடனே ஏலக்காரன் வருகிறான், முன்பணம் கொடுத்தவன் வருகிறான், படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ ஒரு பங்கு என்று கணக்கு வருகிறது. கடலுக்குச் சொந்தக்காரன் இல்லை, கரைக்கு உண்டு. இதை அறிந்து எழுதப்பட்ட நாவல் எது, அறியாமல் அலையை மட்டும் எழுதிய நாவல் எது என்று பார்ப்பதே கடற்கரைக் கதைகளுக்கு நான் வைத்திருக்கும் உரைகல்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956-ல் மலையாளத்தில் வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கும் வந்தது. 1965-ல் ராமு காரியாட் அதைத் திரைப்படமாக எடுத்தார். அதன் பிறகு கறுத்தம்மாவையும் பரீக்குட்டியையும் தெரியாதவர்கள் இல்லை. கரையில் இருக்கும் மனைவியின் கற்புதான் கடலுக்குப் போன கணவனைக் காக்கிறது என்ற நம்பிக்கையும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் துறை அரயனை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அந்தக் கரையில் யார் வேண்டுமானாலும் படகும் வலையும் வாங்கிவிட முடியாது. அதற்குரிய ஜாதி வேண்டும். துறை அரயனின் சம்மதம் வேண்டும். அவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தாக வேண்டும். செம்பன்குஞ்சு படகு வாங்கக் கிளம்பியதும் அக்கம்பக்கத்தாருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொறாமையை அப்படியே வெளியே சொல்ல முடியுமா? வயது வந்த பெண்ணைக் கட்டிக் கொடுக்காமல் வீட்டில் வைத்திருக்கிறானே என்று பேச்சைத் தொடங்குகிறார்கள். கறுத்தம்மாவின் மேல் விழுந்த பழிச்சொல்லில் பாதி, படகின் மேல் இருந்த எரிச்சல். தகழி இதை உரத்துச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். காதல் கதையாகவே படித்து முடிப்பவர்கள் நல்ல காதல் கதை ஒன்றைப் பெறுகிறார்கள். மற்றதையும் கவனிப்பவர்களுக்கு ஓர் ஊரே கிடைக்கிறது.

இனி நம் மொழிக்கு வருவோம். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-ல் வெளிவந்தது. களம் மணப்பாடு. மணல் மேட்டின் மேல் 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோயில் நிற்கும் ஊர் அது. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கிய கரை. இந்தப் பெருமைகளை வைத்துக்கொண்டு ஒருவர் சரித்திர நாவலே எழுதிவிடலாம். வண்ணநிலவன் அந்தப் பக்கமே போகவில்லை. குரூஸ் மிக்கேல், அவர் மனைவி மரியம்மை, மகள் பிலோமி, அந்த வீட்டைச் சுற்றியுள்ள சில வீடுகள் — இவ்வளவுதான் அவர் எடுத்துக்கொண்டது.

அந்த ஊருக்கு லாஞ்சு வருகிறது. இது வெறும் கற்பனையல்ல. 1952-ல் நார்வே நாட்டின் உதவியோடு கேரளத்து நீண்டகரையில் தொடங்க ஒப்பந்தமான திட்டம் இயந்திரப் படகுகளுக்கு வழி திறந்தது. வெளிநாட்டில் இறாலுக்குக் கிடைத்த விலை அந்தப் படகுகளைக் கரை கரையாகப் பரப்பியது. வலையை அடியோடு இழுத்துப் போகும் விசைப்படகுக்கும், காற்றையும் கையையும் நம்பிய வல்லத்துக்கும் பகை மூண்டது. பல ஊர்களில் படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. 1983-ல் தமிழ்நாட்டில் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்து, கரையோரத்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்காரருக்கு என்று ஒதுக்கப்பட்டது. இராமேசுவரம் பக்கத்தில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் எங்கள் ஜனங்களுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும். முறை மீறினால் என்ன நடக்கும் என்பதும் விளங்கும்.

சட்டம் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே வண்ணநிலவன் அந்தப் பகையை எழுதிவிட்டார். ஆனால் அவர் எழுதிய விதம் வேறு. குரூஸ் மிக்கேலுக்கு வல்லம் ஒரு தொழிற்கருவியாக இல்லை. வீட்டில் ஒரு பிறவியாக இருக்கிறது. அதை விற்றபின் அவர் புத்தி நிலைகொள்ளவில்லை. பிலோமியோ தன் காதல் கைகூடாமல் போனதை யார் மேலும் கசப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறாள். ஒரே தெருவில் கொலை செய்யும் அளவுக்குப் பகையும் இருக்கிறது. அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு ஓடிவரும் ஈரமும் இருக்கிறது. சிறிய ஊர்களில் பகை அப்படித்தான் இருக்கும். வெட்டிக்கொண்டவர்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தாக வேண்டும். இதை இவ்வளவு மென்மையாகச் சொன்ன நாவல் தமிழில் அதிகம் இல்லை.

ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த நாவலில் லாஞ்சு ஒரு விதியைப்போல வந்து சேர்கிறது. அதை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது, அது பிடித்த இறாலை யார் என்ன விலைக்கு வாங்கினார்கள், வல்லத்துக்காரர்களில் சிலர் ஏன் லாஞ்சு பக்கம் சாய்ந்தார்கள் என்ற கணக்குகள் விரிவாக வரவில்லை. வந்திருந்தால் துயரம் குறைந்திருக்காது. அந்தத் துயரத்துக்குக் காரணமாக மனிதர்கள் இருந்தார்கள் என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

அந்தத் தெளிவு தோப்பில் முஹம்மது மீரானிடம் இருக்கிறது. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-ல் நூலாக வந்தது. மீரான் 1944-ல் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்தவர். 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூர்ச் சீமையோடு சேர்ந்திருந்த ஊர் அது. அவருடைய தொழில் மிளகாய் வற்றல் வியாபாரம். இந்தத் தகவலை விமரிசகர்கள் ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்துச் சம்சாரி வற்றல் மூட்டையைக் கமிஷன் கடையில் இறக்கிவிட்டு, கடைக்காரர் வாய் திறப்பதற்காகக் காத்து நிற்பான். அந்த ஒரு நிமிஷத்தில் இருவர் முகமும் எப்படி இருக்கும் என்பது வியாபாரிக்குத் தெரியும். மீரானின் நாவல் முழுவதும் அந்த நிமிஷம்தான்.

ஊரை ஆள்கிறவர் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. அவருக்கு எந்தச் சர்க்காரும் அதிகாரம் கொடுக்கவில்லை. தென்னந்தோப்பு இருக்கிறது, வீட்டின் பெயர் இருக்கிறது, பள்ளிவாசலில் அவர் சொல் செல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனங்களின் பயம் இருக்கிறது. அந்தப் பயம் அடிதடியால் மட்டும் வந்ததல்ல, பழக்கத்தால் வந்தது என்பதை மீரான் நமக்குக் காட்டுகிறார். குனிந்து பழகிய முதுகுக்கு நிமிர்வதுதான் வலி. ஆகவே சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது குனிய மறுக்கும்போது முதலாளிக்கு மட்டுமல்ல, ஊருக்கே அது பொறுக்க முடியாத காரியமாகிறது. மஹ்மூது உத்தமனாகவும் படைக்கப்படவில்லை. முரடன், வாய்த்துடுக்கு உள்ளவன், தன் வியாபாரத்தைத் தன் இஷ்டப்படி செய்ய விரும்புகிறவன். அதனால்தான் அவன் உயிரோடு இருக்கிறான்.

இங்கிலீஷ் பள்ளிக்கூடம் தொடங்க மெஹபூப்கான் என்ற ஆசிரியர் வருகிறார். மார்க்கத்துக்கு ஆகாத படிப்பு என்று எதிர்ப்புக் கிளம்புகிறது. வெளியூரிலிருந்து வந்து மந்திரித்த தண்ணீர் கொடுக்கும் தங்களின் வாக்கும் அதற்குத் துணை. இந்த எதிர்ப்பை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். சர்க்கார் காகிதத்தைத் தானே படிக்கத் தெரிந்த பையன், நாளைக்கு அர்த்தம் கேட்க வடக்கு வீட்டுத் திண்ணைக்கு வரமாட்டான் அல்லவா? முதலாளியின் கவலையை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எந்த ஊரிலும், எந்த மதத்திலும் பெரிய வீட்டார் பள்ளிக்கூடத்தைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் இதுவாகவே இருந்திருக்கிறது. மெஹபூப்கான் மட்டும் சற்றுக் குறையே இல்லாத மனிதராக இருக்கிறார். லட்சிய புருஷர்களைப் படைக்கும்போது நம் நாவலாசிரியர்களுக்குக் கை நடுங்குகிறது. மீரானுக்கும் கொஞ்சம் நடுங்கியிருக்கிறது.

நாவலின் உச்சம் கடற்கரையில் இல்லை. முதலாளியின் வீட்டுக்குள்ளே இருக்கிறது. குடும்பப் பெருமைக்கு ஏற்ற இடம் என்று சித்த சுவாதீனமில்லாத ஒருவனுக்கு மகள் ஆயிஷாவைக் கட்டிக் கொடுக்கிறார். அந்தப் பெண் உயிரை விடுகிறாள். ஊரில் எதிர்த்துப் பேச ஒருவனாவது இருந்தான். உள்ளறையில் அவளுக்கு யாரும் இல்லை. கரையை ஆண்ட அதே அதிகாரம்தான் வீட்டையும் ஆண்டது என்பதை இந்த ஒரு சாவு சொல்லிவிடுகிறது.

இந்த நாவலின் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த தமிழ் அது. முதல் இருபது பக்கம் தடுமாற்றமாக இருக்கும். 'இதையே நல்ல தமிழில் எழுதக்கூடாதா?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊரில் ஒருவரை 'அம்பலம்' என்று அழைப்பதற்கும் பெயர் சொல்லி அழைப்பதற்கும் நடுவில் ஒரு தலைமுறைச் சண்டை கிடக்கலாம். 'முதலாளி' என்ற விளியும் அப்படித்தான். பேச்சை மாற்றினால் யார் யாருக்குப் பணிகிறார்கள் என்பதே அழிந்துபோகும். அதன் பிறகு மிஞ்சுவது கடற்காற்றும் தென்னை மரமுந்தான்.

மணப்பாடு வண்ணநிலவன் பிறந்த ஊர் அல்ல. அவர் வெளியிலிருந்து அன்போடு பார்த்தார். மீரான் உள்ளேயிருந்து எழுதினார். பிறகு உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 2004-ல் 'ஆழி சூழ் உலகு' எழுதி, கடலுக்குள் போகிறவனின் கண்ணாலேயே கரையைப் பார்க்க வைத்தார். உள்ளேயிருந்து எழுதுவதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டும். சொந்த ஜனங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்ற பேச்சு வரும். இப்படி ஒன்று எங்கும் நடக்கவில்லை என்ற மறுப்பு வரும். பத்திரிகைகளும் தயங்குகின்றன. என் தொடர்கதை ஒன்றில் கண்மாய் ஏலத்தைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிடும்படி ஒரு பத்திரிகையிலிருந்து சொன்னார்கள். வாசகர்களுக்கு ஏலத்தில் சுவாரஸ்யம் இருக்காதாம்! கதாநாயகி குடம் எடுத்துக்கொண்டு கண்மாய்க்கு வரும் அத்தியாயத்தில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கண்மாய் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்கக்கூடாது.

வாசகர்களின் சுவையைப் பற்றி அவ்வளவு மட்டமாக நான் நினைக்கவில்லை. மீன்காரர் சண்டை நமக்கு எதற்கு என்று கேட்ட நண்பருக்கு மீரானின் நாவலைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது அலையைப் பற்றியோ மொழியைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. "வடக்கு வீடு நம்ம ஊரில் எந்த வீடு என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் தணிந்த குரலில் கேட்டார். தேங்காய்ப்பட்டினத்துக் கதையைப் படித்துவிட்டு வானம் பார்த்த பூமியில் ஒருவர் குரலைத் தணித்துக்கொண்டு இப்படிக் கேட்கிறார் என்றால், அந்த நாவலுக்கு நான் வேறு சான்று தேடவேண்டியதில்லை.