வால்வு ஆம்ப்ளிஃபயரை அணைக்கலாமா?

வால்வு செட் வைத்திருக்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளும் அறிவுரை ஒன்று உண்டு: "ஆன் பண்ணினா அணைக்காதீங்க, ஆன்-ஆஃப் பண்றதுலதான் வால்வு போகுது." எனக்கு இது உடன்பாடில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தேடினால் சுவாரசியமாக இருக்கிறது.

பிரிட்டனில் 1943-44இல் கொலோசஸ் கணினியைக் கட்டிய டாமி ஃபிளவர்ஸ், அதில் சுமார் 1,600 வால்வுகளைப் போட்டார். இத்தனை வால்வு தாங்காது என்றார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அனுபவத்தை வைத்து, அணைக்காமல் ஓட்டினால் தாங்கும் என்றார் அவர். தாங்கியது. எனியாக்கில் ஏறத்தாழ 18,000. அங்கேயும் அதே கதைதான்.

அவ்வளவு வால்வில் ஒன்று புட்டுக்கிட்டாலும் மெஷினே நின்றுவிடும். நம் வீட்டில் இருப்பது நாலோ ஆறோ. அவை பெரும்பாலும் திடீரென்று சாவதில்லை. கேத்தோடு பூச்சில் உள்ள பேரியம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் தேய்கின்றன. ஒரு வால்வு 5,000 மணி நேரம் உழைக்கும் என்று வையுங்கள். தினம் 3 மணி நேரம் கேட்டால் நாலரை வருஷம். அணைக்காமல் விட்டால் 7 மாசம்கூட வராது! ஸ்டாண்ட்பையில் போட்டுத் தூங்குவதும் தப்பு. கேத்தோடு சூடாக இருந்து கரன்ட் ஓடாவிட்டால் அதில் ஒரு தடுப்புப் படலம் வளரும். ஆரம்பகாலக் கணினிக்காரர்களே பட்டுத் தெரிந்துகொண்டது இது.

உண்மையான எதிரி வோல்டேஜ். இங்கே கருணாபுரம் மாதிரி இடத்தில் சுற்றுவட்டார பம்ப்செட் ஓடும்போது ஒரு வோல்டேஜ், நடுராத்திரியில் வேறு. 220க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மருக்கு 240 கொடுத்தால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.87 போகும், 9 சதவீதம் அதிகம். பிளேட்டில் வோல்டும் கரன்டும் சேர்ந்து ஏறுவதால் சூடு 19 சதவீதம் வரை கூடலாம். இஎல்84க்கு உச்சவரம்பே 12 வாட். டேட்டாஷீட்டில் உள்ள வழக்கமான 250 வோல்ட், 48 மில்லி ஆம்பியர் கணக்கே சரியாக அந்த 12ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மிச்சம் மீதி எதுவும் இல்லை.

பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றிவைக்க வசதி இருந்தது. அந்தக் காலத்து ஆட்கள் விவரமானவர்கள். உங்கள் செட்டில் 240 டேப் இருந்தால் அதில் மாற்றுங்கள், இல்லையென்றால் சர்வோ ஸ்டெபிலைசர். ஹீட்டர் 6.0க்கும் 6.6க்கும் நடுவே நின்றால் போதும். ரொம்பக் குறைத்தாலும் கேத்தோடு கெடும். ஷோகேஸுக்குள் அடைத்து வைக்காதீர்கள், நம்மூர் மே மாசத்தில் அது அடுப்பு.

பெங்களூர் பெல் 60களில் ரேடியோ வால்வு செய்துகொண்டிருந்தது. இப்போது ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா என்று வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதனால் அடுத்த செட் வால்வு ஆர்டர் போடுவதற்கு முன்னால், ராத்திரி 11 மணிக்கு ஒருதரம் மல்டிமீட்டரை எடுத்துச் சுவர் சாக்கெட்டில் வோல்டேஜ் பாருங்கள். செட்டுக்குள் மட்டும் கை வைக்காதீர்கள். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் இருக்கலாம்.