அபயமும் அரசியல் சட்டமும்: ஓர் ஆணையை முன்வைத்து

ஜம்முவில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ரோஹிங்கியா அகதிகள் குறித்து 2021 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை சில பக்கங்களே கொண்டது. எனினும், இந்திய மண்ணில் அகதிக்கு எது உரிமை, எது சலுகை என்று அறிய விழைவோர் அதனை வரிவரியாகப் படித்தல் வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 14, 21 ஆம் பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமன்றி மனிதர் எவருக்கும் உரியவை என நீதிமன்றம் ஏற்கிறது. ஆயின், நாடு கடத்தப்படாதிருக்கும் உரிமை, குடியமர்ந்து வாழும் உரிமையைத் தரும் 19 ஆம் பிரிவைச் சார்ந்தது, குடிமக்களுக்கே உரியது என்கிறது. பிழை நேர்வது இங்கேதான். அகதி வேண்டுவது குடியமர்வு அன்று; தம்மைக் கொல்லும் இடத்துக்குத் திருப்பி அனுப்பாதீர் என்பதே. பாதுகாப்பான மூன்றாம் நாடொன்றுக்கு அனுப்பினாலும் அவ்வேண்டுகோள் நிறைவுறும். ஆகவே அது உயிரைக் காக்கும் 21 ஆம் பிரிவின்பாற்பட்டது. 1998இல் ஈராக்கிய அகதிகள் இருவரின் வழக்கில் குஜராத் உயர்நீதிமன்றம் இவ்வாறே கொண்டது. தேசப் பாதுகாப்பு என்னும் வரம்பு அதிலும் உண்டு. அதனை ஆளுக்கு ஆள் ஆராயலாமேயன்றி ஓர் இனத்தின்மீது மொத்தமாகச் சுமத்தலாகாது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை என்பது பழைய வாதம். (வங்கதேசமும் மலேசியாவும்கூட ஒப்பமிடவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.) ஆனால் 1979இல் இந்தியா ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை சித்திரவதையைத் தடுக்கிறது, அத்தகைய ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரை அனுப்புவதும் அத்தடையுள் அடங்கும் என்பது அதற்கான ஐ.நா. குழுவின் விளக்கம். ஒப்பமிடாததைப் பற்றி இத்துணை பேசுவோர் ஏற்றுக்கொண்டதைப் பற்றி ஏன் வாய்திறப்பதில்லை?

உரிய நடைமுறையின்றி அனுப்பலாகாது என ஆணை முடிகிறது. அந்நடைமுறைதான் யாது? தன் குடிமக்களே என மியான்மர் உறுதிசெய்தபின் ஒப்படைத்தல் என்றது அரசுத் தரப்பு. 2018 அக்டோபரில் அஸ்ஸாமிலிருந்து எழுவர் அனுப்பப்பட்டதும் இவ்வழியேதான். எவரிடமிருந்து தப்பி வந்தனரோ அவரிடமே சான்று கேட்பதா? அங்கே இராணுவம் ஆட்சியைப் பறித்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

அபயம் தேடிய இணைவைப்பாளரையும் அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பிக்கத் திருமறை (9:6) பணிக்கிறது. குறைஷியரின் தூதர்கள் பரிசுகளுடன் வந்து முஹாஜிர்களை ஒப்படைக்கக் கோரியபோது, அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி முதலில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களை அழைத்து அவர்தம் கூற்றைக் கேட்டார். ஜம்முவில் அடைபட்டோரிடம், திரும்பினால் உமக்கு என்ன நேரும் என்று ஆணைக்கு முன் எவரும் தனித்தனியே விசாரித்ததாக அதன் பக்கங்களில் காணோம்.