160 கிராம் என்னும் ஒற்றை எண்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் ஒரு டி-சர்ட்டுக்கான துணியைக் குறித்துக் கொடுக்கும்போது முன்னிற்பது ஜிஎஸ்எம் என்னும் அளவே. ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். பல ஆர்டர்களில் துணியைப் பற்றிய விவரம் ஏறக்குறைய அதோடு முடிந்தும்விடுகிறது.

இம்முறை நிலைபெற்றதற்கு அதன் எளிமையே காரணம். 100 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு வெட்டும் ரவுண்ட் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் வட்டமாக ஒரு வில்லை கிடைக்கும். தராசில் அது 1.60 கிராம் நின்றால் துணி 160 ஜிஎஸ்எம். பின்னல் துணி கிலோக் கணக்கில் விலைபேசப்பட, ஆடையோ உருப்படிக் கணக்கில் விற்கப்படுவதால், விலைக்கணக்கும் இவ்வெண்ணையே சார்ந்துள்ளது: ஒரு கிலோவுக்கு 160 ஜிஎஸ்எம் துணி 6.25 சதுர மீட்டர் வரும். 170 ஆனால் 5.88 சதுர மீட்டரே வரும்.

ஆனால் எடை என்பது நூலும் பின்னலும் சேர்ந்து தரும் விளைவாகையால், ஒரே எடையை வெவ்வேறு வழிகளில் எட்டிவிடலாம். கவுண்ட் என்பது ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்னும் கணக்கு. எண் ஏற ஏற நூல் மெலியும். லூப் லெங்த் என்பது ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூலின் நீளம். தடித்த நூலைத் தளர்வாகப் பின்னினாலும், மெல்லிய நூலை நெருக்கிப் பின்னினாலும் கட்டர் 1.60 என்றே காட்டக்கூடும். முன்னதோ சில துவைப்புகளில் வடிவிழந்து தொங்கிப்போகும்.

இதைவிடப் பெரிய குறை இழுப்பில் உள்ளது. சாயமேறிய துணியை அகலத்திலும் நீளத்திலும் இழுத்து உலர்த்தினால் எடை குறைந்து 160-க்கு வந்து நிற்கும். அதே துணி துவைத்தபின் இருபுறமும் 5 விழுக்காடு சுருங்கினால் ஏறத்தாழ 177 ஆகிவிடும், சட்டையும் ஓரளவு சிறுத்துப்போகும். துணியை நீளவாக்கில் நெருக்கிச் சுருக்கத்தை முன்னரே வாங்கிவிடும் காம்பாக்டிங் இதற்குத் தக்க மருந்தாயினும், வெறும் ஜிஎஸ்எம் எண்ணைக் கொண்டு அது முறையாகச் செய்யப்பட்டதா என்று அறிய இயலாது. பருத்தி ஈரம் உறிஞ்சுவது என்பதால் (மழைநாள் வில்லை சற்றே கனக்கும்) 20 பாகை செல்சியஸ், 65 விழுக்காடு ஈரப்பதத்தில் துணியைப் பதப்படுத்தி நிறுக்க வேண்டும் என்பது நெறி. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இந்நெறியே.

எனவே கட்டர் பட்டறையின் அன்றாடச் சோதனைக்கு உரியது. ஆர்டர் தாளிலோ கவுண்ட், லூப் லெங்த், அனுமதிக்கும் சுருக்கம், துவைத்தபின் இருக்கவேண்டிய ஜிஎஸ்எம் ஆகிய நான்கும் எழுத்தில் இடம்பெறல் வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கே இடமுண்டு எனின், துவைத்தபின் எடையை எழுதுவதே தகும்.